பென்சில் தட்டாத இடம்

ஜனவரி 9

அக்கா,

போனை எடுக்க மாட்டேன் என்று நீ முடிவு செய்துவிட்டாய் என்பது, பதினோராவது தடவை மணி அடித்து ஓய்ந்தபோது எனக்கே உறைத்துவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம். என் கோழிக் கிறுக்கலைப் பார்த்து நீ முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது.

முதலில் சண்டை போட்டுவிடுகிறேன். நாடகம் பார்க்க ஆறு மணி நேரம் ரயிலில் வந்தாய். மூன்றாவது வரிசையில் நான் உனக்கென்று பிடித்து வைத்த இடத்தில் உட்கார்ந்தாய். மூன்று அங்கம் முடியும்வரை அசையவில்லை, திரை ஓரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். நாலாவது அங்கமும் முடிந்து நான் மேடைக்கு வந்து, "ரஷ்ய மொழியில் ஒரு எழுத்துகூடத் தெரியாத எனக்கு இந்த நாடகத்தை வரி வரியாக ஊட்டியவள் என் அக்கா, இதோ!" என்று கையை நீட்டுகிறேன். நாற்காலி காலி. ஜனங்கள் நாற்காலிக்குக் கைதட்டினார்கள். பூங்கொத்தை வைத்துக்கொண்டு நான் அசடு வழிந்தது ஊர் முழுக்கத் தெரியும்.

போகட்டும். நல்ல செய்தி நிறைய இருக்கிறது. நேற்றைய பேப்பரில் விமரிசனம் வந்துவிட்டது. "ஒரு படகுத்துறைக் கண்காணிப்பாளரின் வீடு, படுத்த படுக்கையான அப்பா, வீட்டைத் தாங்கும் பெரிய மகள், கடைசி அங்கத்தில் நகரத்துக்குக் கிளம்பும் தம்பி. இதில் புதிதாக என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள், அந்த அக்கா தம்பியிடம் 'சாப்பிட்டுவிட்டுப் போ' என்று சொல்லிவிட்டு நிற்கிற மௌனத்தைப் போய்ப் பார்க்கட்டும்" என்று விமரிசகர் எழுதியிருக்கிறார். நாற்பது விநாடி, அக்கா. அரங்கத்தில் ஒரு இருமல் இல்லை.

பதிப்பாளர் புத்தகமாகப் போடுகிறார். இதுவரை ஆங்கிலத்தில் யாரும் தொடாத நாடகம் என்று அவருக்கு ஒரே சந்தோஷம். பேராசிரியர் முன்னுரை எழுதிக் கொடுத்துவிட்டார், அதில் இரண்டு முழுப் பக்கம் அந்த மௌனத்தைப் பற்றியே. சம்மதப் படிவம் இத்துடன். இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். என்னுடையதைப் போட்டுவிட்டேன்.

இன்னொன்று. நாடக ஆசிரியர் பிறந்த ஊரில் இருக்கிற அரங்கத்திலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. மே மாதம் முழுக்க அங்கே தங்கி, அவருடைய நாடகங்களைப் பார்த்து, மற்ற தேசத்து மொழிபெயர்ப்பாளர்களோடு பேசலாம். அறை ஒருவருக்குத்தான். நாடகக் குழுவில் எல்லாரும் என்னைப் பயணம் அனுப்பத் தயாராகிவிட்டார்கள். கம்பளிக் கோட்டுகூட இரவல் வாங்கியாயிற்று.

ஏன் எழுந்து போனாய்?

சின்னவன்

*

ஜனவரி 17

தம்பி,

போனில் நீ நடிக்கிறாய். காகிதத்தில் அது அவ்வளவு சுலபமில்லை. அதனால்தான் எடுக்கவில்லை. கடிதமே எழுது.

விமரிசனம் படித்தேன். சந்தோஷம். உன் ஆங்கிலம் நன்றாக இருக்கிறது. இரண்டாவது அங்கத்தில் அந்தத் தந்தி அலுவலர் உளறுகிற இடம் மூலத்தைவிட நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னால் நீ தலைகால் தெரியாமல் ஆடுவாய். சொல்லிவிட்டேன். ஆடு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் ஏற்பாடு என்ன? நான் ஒவ்வொரு வரியையும் முதலில் ரஷ்ய மொழியில் படிப்பேன். பிறகு அதன் பொருளை அலங்காரம் இல்லாமல் எளிய ஆங்கிலத்தில் சொல்லிப் பதிவு செய்வேன். ஆசிரியர் 'மௌனம்' என்று எழுதியிருக்கும் இடத்தில் பென்சிலால் மேசையை ஒரு தட்டு தட்டுவேன். நீ அதைக் கேட்டு, நடிகர் வாயில் புரளுகிற ஆங்கிலமாக எழுதுவாய். இதை முதல் நாளே பேசிக்கொண்டோம்.

மூலத்தில் முப்பத்தொரு மௌனம். எண்ணிப் பார்த்துவிட்டேன். உன் பிரதியில் முப்பத்திரண்டு. நாலாவது அங்கத்தில், ஊரே மெச்சுகிற இடத்தில், ஆசிரியர் மௌனம் எழுதவில்லை. நான் பென்சில் தட்டினேனா? இல்லை. அன்று அடுப்பில் பால் வைத்திருந்தேன். பொங்குகிற சத்தம் கேட்டு எழுந்து போய் அணைத்துவிட்டு வந்தேன். ரெக்கார்டரை நிறுத்த மறந்துபோனேன். உன் நாயகி நாற்பது விநாடி நின்று உருகுவதெல்லாம் என் வீட்டுப் பாலுக்காக.

பம்பு தொழிற்சாலையில் முப்பத்துமூன்று வருஷம் ரஷ்ய இயந்திரங்களின் கையேடுகளை மொழிபெயர்த்துவிட்டுப் போன வருஷம்தான் ஓய்வு பெற்றேன். அந்த வேலையில் இல்லாத வரியைச் சேர்த்தாலும், இருக்கிற வரியை விட்டாலும், எங்கோ ஒருவனுடைய விரல் போகும். நாடகம் என்பதால் விரல் போகாது என்று நினைக்காதே.

மௌனத்தை எடு. எடுத்த பக்கத்தை எனக்கு அனுப்பு. பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன். அதுவரை படிவம் என்னிடமே இருக்கும்.

பயணம் போய் வா. மே மாதத்திலும் அங்கே குளிர் இருக்கும். இரவல் கோட்டில் பொத்தான் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

அக்கா

*

ஜனவரி 24

இன்ஸ்பெக்டர் அம்மா அவர்களுக்கு,

பாலா! இதைக் குழுவில் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாயகி மட்டும் சிரிக்கவில்லை. "சார், அந்த நாப்பது விநாடிய எடுத்துட்டா, மூணு அங்கம் நான் எதுக்கு சார் அடுப்பு ஊதறேன்? பாலோ மோரோ, அது என்னோடது. தரமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். சொன்னபோது அவள் கண் கலங்கியிருந்தது.

உன்னிடம் ஒளிக்க வேண்டியதில்லை. பென்சில் தட்டவில்லை என்பது எனக்குப் பதிவைக் கேட்ட அன்றே தெரியும். உன்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் இல்லை என்பாய், அப்புறம் அதை எழுத முடியாது. அதனால் கேட்கவில்லை. அது என் தப்பு, காதைப் பிடித்துக்கொள்கிறேன். ஆனால் அதைக் கேட்டவுடன் எனக்கு உடம்பு சிலிர்த்ததும் உண்மைதான். நாடகம் மொத்தமும் அந்த இடத்தில்தான் நிற்கிறது என்று தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

ஆசிரியர் உயிரோடு இருந்து நம் அரங்கத்தில் உட்கார்ந்திருந்தால் அவரே அந்தப் பாலைச் சேர்த்துக்கொண்டிருப்பார். கொஞ்சம் இறங்கி வா, அக்கா. பதிப்பாளர் ஏப்ரல் முதல் வாரத்துக்குள் படிவம் வேண்டும் என்கிறார். தவறினால் அச்சகத்தில் நம் முறை போய்விடும். அடுத்த வருஷம்வரை பேச்சே இல்லை என்கிறார்.

சின்னவன்

*

பிப்ரவரி 1

தம்பி,

ஆசிரியர் உயிரோடு இல்லை. அதனால்தான் அவருக்காக யாராவது ஒருவர் பேச வேண்டியிருக்கிறது.

நீ நடக்கப் பழகிய நாளிலிருந்து பார்க்கிறேன். கேட்டால் கிடைக்காது என்று தெரிந்ததைக் கேட்காமலே எடுத்துக்கொள்வாய். பிறகு காதைப் பிடித்துக்கொண்டு எல்லாரையும் சிரிக்க வைப்பாய். அப்பாவும் சிரித்துவிடுவார். நானும் சிரித்திருக்கிறேன். இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை.

மௌனத்தை எடு. வேறு ஒன்றும் எழுதுவதற்கில்லை.

அக்கா

*

பிப்ரவரி 8

அக்கா,

உன் கடிதம் வந்த அன்று கோபம் தலைக்கேறிவிட்டது. உன் குரலையே சாட்சிக்குக் கூப்பிட்டு, பால் பொங்குகிற சத்தத்தையும் எழுதிக் காட்டி, 'பார், எவ்வளவு அழகாகப் பொங்கியிருக்கிறது' என்று கேலி செய்யலாம் என்று பதிவை எடுத்தேன். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் மாட்டிக்கொண்டு, நாலாவது அங்கத்தை மறுபடி கேட்டேன்.

உன் வீட்டுச் சாப்பாட்டு மேசை நாற்காலியை எனக்குத் தெரியாதா? ஒரு கால் குட்டை. எழுந்தால் டக்கென்று கத்தும். நீ தண்ணீர் குடிக்க எழுந்த ஒவ்வொரு தடவையும் பதிவில் அந்த டக் இருக்கிறது. கதவு தட்டிய தடவையும் இருக்கிறது. இந்த நாற்பது விநாடியில் டக் இல்லை. காலடி இல்லை. பால் பொங்கவும் இல்லை. நீ பேச வாயெடுப்பதுபோல மூச்சு இழுக்கிறாய். நிற்கிறது. மறுபடி இழுக்கிறாய். நிற்கிறது. அப்புறம் அடுத்த பாத்திரத்தின் வசனம், கொஞ்சம் வேகமாக.

நீ எழுந்து போகவே இல்லை.

நீ பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. நம் வீட்டில் அந்த வேலைக்கு நான் இருந்தேன். அதனால் கேலி செய்ய வந்தவன் பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறேன். உடம்புக்கு ஏதாவதா? மறைக்காதே.

அந்த மௌனம் எனக்கு ஏன் அவ்வளவு பிடித்தது என்றும் யோசித்தேன். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் கேட்ட மௌனம் அது. நான் தகரப் பெட்டியோடு கிளம்பிய காலை. மேசைமேல் ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு, யாரும் எழுவதற்குள் ஓடிவிடலாம் என்று பூனைபோல வந்தால், சமையலறையில் நீ நிற்கிறாய். "சாப்பிட்டுட்டு போ" என்றாய். நான் நின்றுகொண்டே சாப்பிட்டேன். நீ எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் தேய்த்தாய். ஏற்கெனவே தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்த பாத்திரம். தடுக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. என் அக்கா வாய் திறக்காமல் ஆசீர்வாதம் செய்து அனுப்புகிறாள் என்று நினைத்துக்கொண்டு ரயிலேறினேன். எந்த ஊரில் எந்த மேடை ஏறினாலும் அதை நினைத்துக்கொள்வேன்.

நான் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டேனா?

சின்னவன்

*

மார்ச் 2

தம்பி,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. முழங்கால் மட்டும்தான், அது பழைய கதை.

பாலும் இல்லை. அன்று நான் பால் வாங்கவே இல்லை.

ஆசிரியர் அந்த இடத்தில் மௌனம் எழுதவில்லை, ஏனென்றால் அங்கே ஒரு வரி இருக்கிறது. பெரிய மகள் 'சாப்பிட்டுவிட்டுப் போ' என்று சொன்ன பிறகு, 'பொட்டலம் கட்டியபடி' என்று ஒரு குறிப்பு. அதன் கீழே அவளுடைய வசனம்: 'நீ போகிறாய் என்று எனக்கு வருத்தமில்லை. போகிறவள் நானாக இல்லையே என்றுதான்.' அவ்வளவுதான். பதிவு செய்தபோது இரண்டு தடவை வாயெடுத்தேன். வரவில்லை. குறிப்பையும் வசனத்தையும் சேர்த்து விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவினேன். அன்று சாயங்காலமே மறுபடி பதிவு செய்திருக்கலாம். நாளைக்குச் செய்யலாம் என்று விட்டேன். பிறகு பதிவு இருந்த கார்டை உறையில் போட்டு ஒட்டிவிட்டேன்.

முப்பத்துமூன்று வருஷம் ஒரு வரி விடாதவள் நான். விரல் போகும் என்று உனக்குப் பாடம் வேறு நடத்தினேன். அன்று அரங்கத்தில் நீ அந்த ஓட்டையைச் சுற்றி விளக்குப் போட்டு ஊருக்கே காட்டினாய். எழுந்து போகாமல் என்ன செய்வேன்? மௌனத்தை எடுத்துவிட்டால் ஓட்டை மூடிக்கொள்ளும், ஒருவருக்கும் தெரியாது என்று நினைத்தேன். அதற்காகத்தான் உன்னிடம் அவ்வளவு கண்டிப்பு. இதை எழுதக் கை கூசுகிறது.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். ரஷ்யாவில் நான் இயந்திரவியல் படித்துக்கொண்டிருந்த ஊரில், சாயங்காலங்களில் ஒரு நாடக அரங்கத்தில் வேலை பார்த்தேன் என்று உங்கள் யாருக்கும் தெரியாது. நாடகம் பார்க்க வருகிறவர்களின் குளிர்கோட்டை வாங்கி மாட்டிவைக்கிற வேலை. கோட்டுகள் எல்லாம் மாட்டியானதும் உள்ளே போய்க் கடைசி வரிசையில் நின்று பார்க்கலாம். மூன்று வருஷம் நின்று பார்த்தேன். இந்த நாடகம் கிடைத்ததும் அங்கேதான், நூலகத்தில் கழித்துப் போட்ட குவியலில். படிப்பு முடிகிற வருஷம், அங்கேயே நாடக மொழிபெயர்ப்புப் படிக்க இடம் கிடைத்தது. செப்டம்பரில் சேர வேண்டும். ஜூலையில் அப்பா மாடிப்படியில் விழுந்தார். ஆறு வாரம் பார்த்துக்கொண்டு திரும்பிவிடலாம், அதன்பிறகு நீ இருக்கிறாய் என்று வந்தேன்.

ஐந்தாவது வாரம் நீ தகரப் பெட்டியோடு வந்து நின்றாய்.

ஆசீர்வாதம் இல்லை, தம்பி. பொறாமை. உடம்பெல்லாம் எரிந்தது. இந்த நாடகத்து வரி எனக்கு அப்போது மனப்பாடம். அது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் நீ சாப்பிட்டிருக்க மாட்டாய், அதனால் பாத்திரத்தைத் தேய்த்தேன். நீ போனதும் தட்டைக் கழுவி வைத்துவிட்டு அப்பாவுக்கு மருந்து கொடுக்கப் போனேன். அப்பா அதற்கப்புறம் ஒன்பது வருஷம் இருந்தார். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. உன்மேல்தான் இருந்தது. அது எப்போது போனது என்று தெரியவில்லை, போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன். ரெக்கார்டர் முன்னால் உட்கார்ந்தபோது இருந்தது.

உனக்கு அது பெரிய சொத்து என்று தெரிந்திருந்தால் பால் கதையையே காப்பாற்றியிருப்பேன். மன்னித்துக்கொள்.

அக்கா

*

மார்ச் 6

அக்கா,

கடிதம் வந்தது. நாலு தடவை படித்துவிட்டேன். பதில் எழுத உட்கார்ந்தால் நல்ல நல்ல வசனமாக வருகிறது. அதனால் இன்று எழுதவில்லை. வந்து சேர்ந்தது என்று சொல்ல மட்டும் இது.

சின்னவன்

*

மார்ச் 20

அக்கா,

'சொல்லியிருந்தால் போயிருக்கவே மாட்டேன்' என்று ஒரு பக்கம் எழுதி, கிழித்துவிட்டேன். அது வசனம். உண்மை என்னவென்றால், போயிருப்பேன். பதினெட்டு வயசு. அழுதுகொண்டே போயிருப்பேன், அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டு மாதம் கழித்து உனக்கு எழுதிய முதல் கடிதத்தில் எனக்குக் கிடைத்த வேஷத்தைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதினேன் என்று ஞாபகம். 'நீ எப்படி இருக்கிறாய்' என்று ஒரு வரி. அதற்கு நீ, 'நன்றாக இருக்கிறேன், கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது' என்று பதில் போட்டாய். நான் அதையும் நம்பினேன். நம்புவது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

மன்னிப்பெல்லாம் நீ கேட்காதே. அந்தத் தட்டில் இருந்தது ஆசீர்வாதமோ எரிச்சலோ, சாப்பிட்டவன் நான். பசியாறித்தான் ரயிலேறினேன்.

வேலைக்கு வருகிறேன். மௌனத்தை எடுத்துவிட்டேன். குறிப்பையும் வரியையும் போட்டுவிட்டேன். பக்கத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன், திருத்து. நாயகிக்கு விஷயத்தைச் சொன்னேன், உன் கதையைச் சொல்லவில்லை, மூலத்தில் ஒரு வரி விட்டுப்போயிற்று என்று மட்டும். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, "சரி சார், சொல்றேன். ஆனா கையில பொட்டலத்த வெச்சுக்கிட்டு இத எப்படி சார் சொல்றது? இவ்வளவு பெரிய வார்த்தை!" என்றாள். நியாயமாகப் பட்டது. பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு, மேடை முன்னால் வந்து, விளக்கு மங்க, சொல்ல வைத்தேன்.

சனிக்கிழமை காட்சி. ஜனங்களுக்கு எட்டவில்லை, அக்கா. முன்வரிசையில் ஒருவர் இருமினார். விமரிசகர் மறுபடி வந்திருந்தார், போகும்போது என் தோளைத் தட்டி, 'பழையபடியே விட்டிருக்கலாமே' என்றார். பேராசிரியர் இரண்டு பக்கத்தை வெட்டச் சொன்னதற்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். முன்னுரையில் மிச்சம் இருப்பது ஒன்றரைப் பக்கம், அதில் ஒரு பக்கம் நன்றி.

ஆனாலும் வரி இருக்கும். அதில் மாற்றம் இல்லை.

கடைசியாக ஒன்று. அந்த அரங்கத்துக்கு எழுதிவிட்டேன். வருபவர் பெயரை மாற்றிவிட்டார்கள். மே முதல் வாரம் அறை உனக்குத் தயாராக இருக்கும். நீ கோட்டு மாட்டிய ஊரிலிருந்து ஒரு ராத்திரி ரயில் என்றார்கள். இது பிராயச்சித்தம் என்று நினைத்துக்கொள்ளாதே, எனக்கு ரஷ்ய மொழி தெரியாது, அங்கே போய் ஒரு மாதம் தலையாட்டிக்கொண்டிருப்பேன். குழுவில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். இரவல் கோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். எனக்கு வருத்தம் இருந்தது. ஒரு நாள் முழுக்க இருந்தது.

சின்னவன்

*

மார்ச் 29

தம்பி,

படிவம் இத்துடன். கையெழுத்துப் போட்டுவிட்டேன். பதிப்பாளருக்கு நேராக அனுப்பு, வழியில் யாரிடமும் காட்டிப் பெருமையடிக்காதே.

பக்கத்தைத் திருத்தியிருக்கிறேன். உன் ஆங்கிலத்தில் அவள் 'நானும் உன்னோடு வரலாமே' என்கிற மாதிரி குழைகிறாள். மழுப்பாதே. அவள் துணைக்கு வரக் கேட்கவில்லை. அவன் இடத்தையே கேட்கிறாள். 'நீ இல்லை, நான்' என்று இருக்க வேண்டும். எனக்கு உறுத்தும் என்று பார்த்துத்தான் குழைத்திருக்கிறாய் என்று தெரிகிறது. உறுத்தட்டும்.

பயண விஷயத்தைப் படித்துவிட்டு, முடியாது என்று எழுத உட்கார்ந்தேன். காரணம் வேண்டுமே. அப்பா இல்லை. தொழிற்சாலை இல்லை. முழங்காலுக்கு டாக்டர், "நல்லா நடங்க, நடந்தாதான் நல்லது" என்கிறார். எதிர்வீட்டு டீச்சர் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதாகச் சொல்லிவிட்டாள், நான் கேட்கவே இல்லை. போகாமல் இருக்க ஒரு காரணமும் இல்லாததுதான் பயமாக இருக்கிறது. இத்தனை வருஷமும் காரணம் ஏதாவது ஒன்று கைவசம் இருந்தது.

அங்கே போய் நின்று, இருபத்துநாலு வயசில் வர வேண்டியவள் ஐம்பத்தொன்பதில் வந்திருக்கிறேன் என்றா சொல்வேன்?

பாஸ்போர்ட்டுக்குப் புகைப்படம் எடுத்தேன். திருடி மாதிரி இருக்கிறேன்.

அக்கா

*

ஏப்ரல் 6

அக்கா,

ஒன்றும் சொல்ல வேண்டாம். கோட்டை அவர்களிடம் கழற்றிக் கொடு. இந்தத் தடவை அவர்கள் மாட்டிவைக்கட்டும்.

வரியை நீ சொன்னபடியே மாற்றிவிட்டேன். உறுத்துகிறது.

ரயில் என் ஊர் வழியாகத்தான் விமான நிலையத்துக்குப் போகிறது. ஒரு நாள் முன்னதாகக் கிளம்பி இங்கே இறங்கு. சமையல் நான்தான், குறை சொல்லக் கூடாது. சாப்பிட்டுவிட்டுப் போ.

சின்னவன்

*

மே 18

தம்பி,

அன்று உன் வீட்டில் உப்பு கொஞ்சம் தூக்கல். எதிரில் சொல்லவில்லை, சொல்லக் கூடாது என்று நீ முன்கூட்டியே தடை வாங்கியிருந்தாய்.

இந்த அறை சின்னது. ஜன்னலுக்கு வெளியே ஆறு. மேசை ஆடவில்லை, நாற்காலி கத்தவில்லை, அதனாலேயே முதல் இரண்டு நாள் வேலை ஓடவில்லை. கோட்டு அறையில் என் வயசுக்காரி ஒருத்தி இருக்கிறாள். முதல் நாள் என் கோட்டை வாங்கிக்கொண்டு எண் வில்லையைக் கொடுத்தாள். "நானும் இந்த வேலை பார்த்திருக்கேன்" என்று அவள் மொழியிலேயே சொன்னேன். "அப்போ உனக்கு நல்ல கொக்கியா தர்றேன்" என்றாள். என் ரஷ்ய மொழி முழுக்கப் பம்பு கையேடு மாதிரி இருக்கிறது என்று இங்கே எல்லாரும் சிரிக்கிறார்கள். நட்டு போல்ட்டு பேசுகிற அம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

நேற்று நம் நாடகம். புத்தகம் நீ அனுப்பியது காலையில்தான் வந்தது. மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாலாவது அங்கம் நெருங்க நெருங்க, எழுந்து போய்விடக் கூடாது என்று கைப்பையை நாற்காலிக் காலில் சுற்றிக் கட்டிவிட்டேன். நிஜமாக.

பெரிய மகளாக வந்தவள் குண்டாக, சுறுசுறுப்பாக இருந்தாள். தம்பி பெட்டியோடு வருகிறான். 'சாப்பிட்டுவிட்டுப் போ' என்கிறாள். அவன் உட்காராமல் நிற்கிறான். அவள் அவனுக்கு வழிச் சாப்பாட்டைப் பொட்டலம் கட்டுகிறாள். முடிச்சு விழவில்லை. கயிறு வழுக்குகிறது. படகின் சங்கு ஊதிவிட்டது, அவசரம். கயிற்றின் ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டே, பல்லிடுக்கிலேயே, அந்த வரியைச் சொல்கிறாள். நம் வீட்டில் சொல்வதானால், "நீ போறதுல எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல, போறது நானில்லையேன்னுதான், இந்தா இத ஒரு கையில புடி" என்கிற மாதிரி. அவன் விரலை நீட்டி முடிச்சைப் பிடித்துக்கொள்கிறான். அவள் இறுக்குகிறாள். விரல் மாட்டிக்கொண்டு "ஆ" என்கிறான்.

ஜனங்கள் சிரித்தார்கள். தம்பி, அரங்கமே சிரித்தது. அந்த இரண்டு பேரும்கூடச் சிரித்தார்கள். என்னால் அடக்க முடியாமல் நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரும்வரை. பக்கத்திலிருந்தவர் கைக்குட்டை கொடுத்தார்.

புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். 'பொட்டலம் கட்டியபடி' என்று ஆசிரியர் தெளிவாக எழுதியிருக்கிறார். நீயும் சரியாகவே ஆங்கிலத்தில் போட்டிருக்கிறாய். அச்சில் ஒரு தப்பும் இல்லை. நாம் இரண்டு பேரும்தான் அதைப் படிக்கவில்லை. நீ உன் நாயகியின் கையிலிருந்து பொட்டலத்தை வாங்கிக் கீழே வைத்தாய். நான் முப்பத்தைந்து வருஷமாக அதைக் கீழே வைத்துவிட்டுத்தான் அந்த வரியைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நாயகியிடம் சொல். பொட்டலம் அவள் கையிலேயே இருக்கட்டும். கயிறு வழுக்குகிற கயிறாக வாங்கு.

ஜூன் இரண்டாம் தேதி திரும்புகிறேன். உன் ஊரில் இறங்குவேன். உப்பைக் குறை. நீ தகரப் பெட்டியோடு நின்ற அன்று சொல்லாமல் விட்டதை உன் முகத்துக்கு நேராக ஒரு தடவை சொல்லப் போகிறேன், நீ சாப்பாடு போட்டுக்கொண்டிருக்கும்போது. சிரிக்க வேண்டும்.

அக்கா